கீழ்த்திசை ஏடுகள் – 9: மூன்று காசும் ஒரு கேள்வியும்

பழைய சீனத்தின் ஷாங் அரசர்கள் ஆமையின் வயிற்றோட்டையும் மாட்டின் தோள்பட்டை எலும்பையும் சூடுபடுத்தி, அதில் விழுந்த விரிசலைப் படித்துக் குறி கேட்டதைச் சென்ற வாரம் பார்த்தோம். அவர்களை வீழ்த்திய சோ வம்சத்தார் இன்னொரு முறையையும் வளர்த்தார்கள். காய்ந்த செடித்தண்டுகளை எண்ணிக் கோடுகளாக்குவது, அந்தக் கோடுகளுக்குரிய வாசகத்தை ஏட்டில் தேடுவது. அந்த ஏடுதான் யி ஜிங் என்னும் மாற்றங்களின் நூல். கி.மு. 213இல் சின் பேரரசு நூல்களை எரித்தபோது, குறிநூல் என்பதால் இதை விட்டுவைத்தார்கள்.

நாமும் போட்டுப் பார்க்கலாமா என்றால், தாராளமாக. ஒரே மாதிரியான மூன்று காசுகள் போதும். மூன்றையும் சேர்த்துக் குலுக்கிப் போடுங்கள். தலைக்கு 3, பூவுக்கு 2 என்று கூட்டினால் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்று வரும். ஒற்றைப்படை என்றால் முழுக்கோடு, அது யாங். இரட்டைப்படை என்றால் நடுவில் முறிந்த கோடு, அது யின். இப்படி ஆறு முறை போட்டு, கீழிருந்து மேலாகக் கோடுகளை அடுக்க வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்கள் பலர் மேலிருந்து வரைந்துவிடுகிறார்கள். அப்படி வரைந்தால் பெரும்பாலும் வேறொரு வடிவத்தின் வாசகத்தைத்தான் படிக்க நேரும். மொத்தம் 64 வடிவங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு வாசகம். போதாததற்கு ஒவ்வொரு கோட்டுக்கும் தனி வாசகம்.

நூலின் உயிர் 6இலும் 9இலும் இருக்கிறது. இவை முற்றிய கோடுகள். முற்றியது எதிரிடையாக மாறும் என்பது சீனர் கண்ட விதி. ஆகவே 6 விழுந்த முறிந்த கோடு முழுக்கோடாகும், 9 விழுந்த முழுக்கோடு முறியும், முதல் வடிவத்திலிருந்து இரண்டாவது வடிவம் பிறக்கும். முதலாவது இன்றைய நிலை, இரண்டாவது அது போகும் திசை என்று வாசிப்பது வழக்கம்.

பழைய தண்டு முறை பொறுமையைக் கேட்பது. 50 தண்டுகளில் ஒன்றை ஒதுக்கி, மீதி 49ஐ இரண்டாகப் பிரித்து, நான்கு நான்காக எண்ணிக் கழிக்க வேண்டும். ஒரு கோட்டுக்கு மூன்று சுற்று, ஆறு கோட்டுக்குப் பதினெட்டு. காசில் 6 விழவும் 9 விழவும் எட்டில் ஒரு வாய்ப்பு. தண்டிலோ 6க்குப் பதினாறில் ஒன்று, 9க்குப் பதினாறில் மூன்று. எனக்குத் தண்டு முறைமீதுதான் மதிப்பு அதிகம். எண்ணி முடிப்பதற்குள், கேட்க வந்ததை மனம் பலமுறை புரட்டிப் பார்த்துவிடும்.

எப்படிக் கேட்பது? ‘வேலை கிடைக்குமா’ என்று ஆம், இல்லை எதிர்பார்த்துக் கேட்டால் இந்த நூல் கைவிரிக்கும். ‘இந்த வேலையை நான் எந்த மனநிலையோடு அணுகுகிறேன்’ என்று கேட்டால் பிடி கிடைக்கும். பிடித்த பதில் வரும்வரை திரும்பத் திரும்பப் போடுவோருக்கு நான்காவது வடிவமான மெங் நேரடியாகவே எச்சரிக்கை சொல்கிறது: முதல் கேள்விக்குத்தான் விடை, நச்சரிப்பவருக்குக் கிடையாது.

குறியை எப்படி வாசிக்க வேண்டும் என்பதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த சான்று ஒரு பெண்மணி. ‘சுவோ சுவான்’ என்ற பழைய வரலாற்று நூல் அவரைப் பற்றிச் சொல்கிறது. மூ ஜியாங், லூ நாட்டுக் கோமகனின் தாய். காதலனோடு சேர்ந்து நாட்டின் பெருங்குடிகளை ஒழிக்கச் சதி செய்தார். சதி தோற்றது, கிழக்கு மாளிகையில் அடைக்கப்பட்டார். அங்கே போனதும் குறி பார்த்தார்கள். வந்தது கென், மலைமேல் மலை, அசையாமை. இரண்டாம் கோடு தவிர மற்ற ஐந்தும் மாறி, சுய் என்ற வடிவமானது. சுய் வெளியேறுவதைக் குறிக்கும், விரைவில் விடுதலை என்று அரண்மனைக் குறியாளர் மகிழ்ச்சியோடு சொன்னார். மூ ஜியாங் ஏற்கவில்லை. சுய் நல்ல குறிதான், ஆனால் அது சொல்லும் நன்மை நற்குணங்கள் உள்ளவருக்கு. நாட்டைக் கலக்கிய எனக்கு அவற்றில் ஒன்றும் இல்லை. நான் இங்கேதான் சாவேன் என்றார். கி.மு. 564இல் அந்த மாளிகையிலேயே இறந்தார்.

குறியாளர் ஏட்டை மட்டும் பார்த்தார், மூ ஜியாங் ஏட்டோடு தம்மையும் பார்த்தார். ஒரு நல்ல வாசகத்தைத் தமக்கு எதிராகவே வாசிக்கும் நேர்மையை வேறெந்தக் குறிக்கதையிலும் நான் கண்டதில்லை. காசுகளுக்கு எதிர்காலம் தெரியும் என்று நான் நம்பவில்லை. அவை தற்செயலாகவே விழுகின்றன. ஆனால் நாம் தேர்ந்தெடுக்காத ஒரு வாசகம் முன்னால் வந்து நிற்கும்போது, இதுவரை பார்க்க மறுத்த பக்கத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த அளவுக்கு இது உண்மையான உதவி.

நோய்க்கும் கடனுக்கும் வழக்குக்கும் இதை நாடாதீர்கள். அவற்றுக்கு உரியவர்கள் இருக்கிறார்கள். மற்றபடி போட்டுப் பார்க்க விரும்பினால், முதலில் கேள்வியை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு முறை போடுங்கள். வந்த வாசகம் கசந்தால் அதையே இன்னும் இரண்டு முறை படியுங்கள்.

கி.மு. 168இல் மூடப்பட்ட ஒரு கல்லறை 1973இல் மாவாங்துய்யில் திறக்கப்பட்டபோது, பட்டில் எழுதிய யி ஜிங் பிரதி ஒன்று கிடைத்தது. அதில் 64 வடிவங்களின் வரிசையே வேறு. அடுத்த வாரம் அதைப் பார்ப்போம்.