தேரில் ஆடும் தொம்பை... நிமிர்ந்து பார்த்ததுண்டா?

சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி ஆருத்ரா தரிசனத்துக்கும் முதல் நாள் தேரோட்டம். விநாயகர், முருகர், நடராஜர், சிவகாமசுந்தரி, சண்டிகேஸ்வரர் என ஐந்து தேர்கள் வரும். மூலவரான நடராஜரே தேரேறி வீதிக்கு வருவது இந்த ஊரின் தனிச்சிறப்பு. வைகாசியில் கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலும், பண்ருட்டி அருகே திருவதிகையிலும் தேர் ஓடும்.

வடம் பிடிக்கும் பரபரப்பில் நாம் கவனிக்கத் தவறுவது, தேரைச் சுற்றித் தொங்கும் தொம்பைகளை. நீண்ட குழாய் போலத் தைத்த வண்ணத் துணிகள்தான் தொம்பை.

தொம்பையில் இரண்டு வகை உண்டு. ஒன்று, துணியில் வரைவது. 2021-ல் புவிசார் குறியீடு பெற்ற கருப்பூர் கலம்காரி அப்படிப்பட்டது. இன்னொன்று ஒட்டுத்துணி வேலை. யாளி, யானை, மயில், தாமரை என உருவங்களைத் தனித்தனித் துணியாக வெட்டி, அடித்துணியின் மேல் வைத்துத் தைப்பார்கள். தஞ்சாவூர், கும்பகோணம் பகுதிகள் இதற்குப் பெயர் பெற்றவை.

சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை, கறுப்பு. பெரும்பாலும் இவ்வளவுதான் நிறங்கள். உருவங்களும் பெரியவை. காரணம் எளிது. தேர் நகரும், துணி ஆடும், பார்ப்பவர் கீழே நிற்பார். நுணுக்கமான வேலை அங்கே எடுபடாது. அதனால்தான் உருவத்தின் ஓரம் முழுக்க வெள்ளைக் கயிறு வைத்துத் தைக்கிறார்கள். தையலும் மறையும், யாளியின் வளைவும் தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும்.

இதே யோசனை மத்திய ஆசியாவிலும் இருக்கிறது. கிர்கிஸ்தானின் ‘ஷிர்டாக்’, ஆட்டு ரோமத்தை நெய்யாமல் நனைத்து அழுத்திச் செய்யும் கம்பளம். இரண்டு நிற விரிப்புகளை ஒன்றாக அடுக்கிக் கொம்பு போன்ற வளைவுகளை வெட்டி, ஒன்றில் வெட்டியதை மற்றதில் பொருத்துவார்கள். இணைப்பின் மேல் அங்கேயும் கயிறு ஓடும்! உடனே காப்பாற்ற வேண்டிய கலைகளின் பட்டியலில் 2012-ல் யுனெஸ்கோ இதைச் சேர்த்தது.

நம் தொம்பையின் நிலை என்ன? கல்வெட்டு போல நூற்றாண்டுகள் நிற்காது. வெயிலில் மங்கும், மழையில் நைந்துபோகும். அது ஒரு குறை போலத் தோன்றலாம். ஆனால் பழையது நைந்து புதியது தேவைப்படுவதால்தான், யாளியை வெட்டும் கைப்பழக்கம் அடுத்த தலைமுறைக்குப் போகிறது. புதிதாக வாங்கும்போது, விலை குறைவு என்று அச்சடித்த துணியை மாட்டிவிட்டால் அந்த இடத்திலேயே தொடர்பு அறுந்துவிடும். அருங்காட்சியகத்தில் ஒரு தொம்பையைப் பத்திரப்படுத்தலாம். வெட்டுகிற கையைப் பத்திரப்படுத்த முடியாது.

உங்கள் ஊர்த் தேருக்கு ஏதாவது உபயம் செய்ய நினைத்திருக்கிறீர்களா? கோயிலில் கேட்டுக்கொண்டு, கையால் வெட்டித் தைத்த ஒரு தொம்பை கொடுங்கள். திருவிழாவுக்குச் சில மாதங்கள் முன்பே சொல்லிவிடுங்கள். கைவேலைக்கு நாள் பிடிக்கும்.