பாட்டிக்காக மாற்றிய நான்கு டயர்கள்

“கண்ணு, அடுத்த வாரம் பஸ்ல போயிடுவோமா?”

ஈப்போ மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியில் ஒரு புதன்கிழமை பாட்டி இப்படிக் கேட்டார். இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு வாரம் ஒருமுறை அவரை உடலியக்கப் பயிற்சிக்கு அழைத்துச் செல்வது என் பொறுப்பு. சுங்கை சிப்புட்டில் புறப்பட்டு, சிம்மோர் வழியாக ஈப்போ. சாலையில் ஒரு குழியோ வேகத்தடையோ வந்தால் பாட்டி மேலே இருக்கும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். வலிக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. அன்று கேட்டது அந்த ஒரு கேள்விதான்.

அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. காரணம், அந்தக் கார் என் பெருமை. நான் டிப்ளோமா படிக்கத் தொடங்கியபோது மாமா கொடுத்த 2008ஆம் ஆண்டு மைவி அது. மாமா மகன் அதற்கு 15 அங்குலக் கறுப்பு ரிம் போட்டு அழகு பார்த்திருந்தார். கல்லூரி வாகன நிறுத்துமிடத்தில் தோழிகள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பழைய கார் என்றால் கொஞ்சம் தூக்கிப்போடத்தான் செய்யும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லி வந்தேன்.

எங்கள் தாமானுக்கு அருகில் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் மறுநாளே காரைக் கொண்டுபோனேன். புது டயர் போட்டால் சரியாகிவிடுமா என்று கேட்டேன்.

“டயர மாத்துறதுக்கு முன்னாடி கீழ என்ன இருக்குன்னு பார்ப்போம், தங்கச்சி” என்றார்.

காரைத் தூக்கி அப்சோர்பர்களில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. சக்கரங்களைத் தாங்கும் இரும்புக் கைகளில் ரப்பர் புஷ் இருக்கும். உலோகமும் உலோகமும் முட்டிக்கொள்ளாமல் காப்பது அதுதான். இடது பக்கத்தில் ஒன்று கிழிந்திருந்தது. பத்து வயதைத் தாண்டிய காரில் இது சாதாரணம் என்றார். அதை மாற்றாமல் எவ்வளவு நல்ல டயர் போட்டாலும் பாதிப் பணம் வீண் என்பதையும் சொன்னார்.

பிறகு என் டயரின் பக்கவாட்டைக் கட்டை விரலால் அழுத்திக் காட்டினார். கல்லை அழுத்துவதுபோல் இருந்தது.

டயருக்கும் பிறந்தநாள் உண்டு

“கோடெல்லாம் ஆழமாத்தானே இருக்கு அண்ணே?” என்றேன். அதுவரை டயரை அப்படித்தான் பார்க்கத் தெரியும். தரையைத் தொடும் பகுதியில் உள்ள பள்ளக்கோடுகளுக்கு நடுவே சிறிய மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். டயர் தேய்ந்து அந்த மேடுகளின் மட்டத்துக்கு வந்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. என் டயர் அந்த மட்டத்துக்கு வரவில்லை.

அண்ணன் வேறோர் இடத்தைக் காட்டினார். பக்கவாட்டில் டிஓடி என்ற எழுத்துகளுடன் தொடங்கும் வரிசையின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருந்தன: 1416. முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. அதாவது 2016ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் செய்த டயர். அப்போது நான் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன்!

வெயில், சூடு, காற்றிலுள்ள ஆக்சிஜன் ஆகிய மூன்றும் சேர்ந்து ரப்பரை இறுகச் செய்கின்றன. ஓடாமல் நிறுத்தி வைத்திருந்தாலும் டயருக்கு வயதாகும். இறுகிய ரப்பர் அதிர்ச்சியை உள்வாங்காது, ஈரச் சாலையிலும் சரியாகப் பிடிக்காது. ஐந்து ஆண்டுகள் கடந்த டயரை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும், பத்து ஆண்டுகள் ஆகிவிட்டால் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் கழற்றிவிட வேண்டும் என்று டயர் உற்பத்தியாளர்களே அறிவுறுத்துகிறார்கள். என் டயரின் பக்கவாட்டில் மயிரிழை போன்ற வெடிப்புகளும் தெரிந்தன. வாரந்தோறும் காரைக் கழுவிய என் கண்ணில் அவை ஒருநாளும் படவில்லை.

ஒரு விரல் தடிமன்

பகுதிநேர வேலையில் சேர்த்த 900 ரிங்கிட் கையில் இருந்தது. டயர் கடை ஒன்றுக்குப் போனேன். இதே அளவில் ஆக விலை உயர்ந்ததைப் போட்டால் மெத்தைபோல் இருக்கும் என்று அங்கே சொன்னார்கள். நான்கு டயருக்கும் என் சேமிப்பு போதாது. தயங்கித் திரும்பினேன். அன்றிரவு டயரில் உள்ள எண்களை ஒரு தாளில் எழுதி வைத்துக் கணக்குப் போட்டேன். இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான பகுதி இதுதான். ஐந்தாம் ஆண்டு கணிதம் தெரிந்தால் போதும்.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் உள்ளே ஒரு ஸ்டிக்கர் இருக்கும். என் மைவிக்கு அதில் போட்டிருந்த டயர் அளவு 175/65 ஆர் 14. இதில் 175 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கவாட்டின் உயரம், அந்த அகலத்தில் 65 விழுக்காடு. ஆர் என்பது ரேடியல் என்ற கட்டுமான முறை. 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

175இல் 65 விழுக்காடு கிட்டத்தட்ட 114 மில்லிமீட்டர். ரிம்முக்கும் சாலைக்கும் நடுவில் இருக்க வேண்டிய ரப்பரும் காற்றும் அவ்வளவு.

மாமா மகன் போட்டிருந்த டயர் 195/50 ஆர் 15. 195இல் 50 விழுக்காடு 97.5 மில்லிமீட்டர். காரைத் தயாரித்தவர்கள் கொடுத்த மெத்தையிலிருந்து 16 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு விரல் தடிமன், காணாமல் போயிருந்தது. அந்த ஒரு விரலைத்தான் பாட்டியின் இடுப்பு ஈடுகட்டிக்கொண்டிருந்தது.

இரண்டு டயர்களின் மொத்த உயரத்தையும் பார்த்தேன். 14 அங்குல ரிம் டயருடன் சேர்த்து 583 மில்லிமீட்டர், 15 அங்குல ரிம் 576 மில்லிமீட்டர். வித்தியாசம் ஒரு விழுக்காட்டுக்குச் சற்று மேல். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ரிம் பெரிதாகும்போது, மொத்த உயரம் மாறாமல் இருக்க வேண்டுமென்றால் ரப்பர்தான் மெலிய வேண்டும். அழகு கூடக் கூட மெத்தை குறையும் என்பது இந்தக் கணக்கு.

பெல்ஃபாஸ்டில் ஒரு சிறுவனின் சைக்கிள்

டயர் பிறந்ததே சொகுசுக்காகத்தான் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பெல்ஃபாஸ்டில் வாழ்ந்த கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர சைக்கிள் கரடுமுரடான பாதையில் குலுங்குவதைப் பார்த்து, காற்றடைத்த ரப்பர் குழாயைச் சக்கரத்தில் சுற்றினார். 1888இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ராபர்ட் தோம்சன் என்பவர் 1840களிலேயே இதே யோசனைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். ஆனால் அது அப்போது பரவலாகவில்லை.

சாலையின் அடியை முதலில் வாங்குவது டயருக்குள் இருக்கும் காற்று. அதனால் காற்றழுத்தத்தையும் சோதித்தேன். அழுத்தம் கூடினால் பெட்ரோல் மிச்சமாகும் என்று நண்பர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, ஸ்டிக்கரில் உள்ளதைவிட 40 கிலோபாஸ்கல் கூடுதலாகப் போட்டு வைத்திருந்தேன். ஏற்கெனவே மெலிந்த டயர், அதையும் கல்லாக்கியது நான்தான்.

அதற்காகக் காற்றைத் தேவைக்குக் கீழே குறைப்பதும் தவறு. காற்று குறைந்தால் பக்கவாட்டு அதிகமாக மடங்கிச் சூடேறும். நெடுஞ்சாலை வேகத்தில் டயர் வெடிக்கும் ஆபத்து உண்டு. ஸ்டிக்கர் சொல்லும் அளவுதான் சரி. அதையும் கார் ஓடிச் சூடாவதற்கு முன், காலையில் சோதிக்க வேண்டும்.

விலையைவிட வகை முக்கியம்

இரண்டாவதாகப் போன கடையில் ஒரு சீனப் பெரியவர் இருந்தார். ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கே திரும்பப் போகிறேன் என்றதும் சிரித்துவிட்டு, “எல்லாரும் பெருசு பண்ணத்தான் வர்றாங்க” என்று மலாயில் சொன்னார். பிறகு பொறுமையாக விளக்கினார்.

ஒரே நிறுவனம் பல குணங்களில் டயர் செய்கிறது. எடுத்துக்காட்டாக பிரிட்ஜ்ஸ்டோனில் துரான்சா சொகுசுக்கு, பொடென்சா வேகப் பிரியர்களுக்கு, எக்கோபியா எரிபொருள் சிக்கனத்துக்கு. மிச்செலினில் பிரைமசி சொகுசு வகை, பைலட் ஸ்போர்ட் விளையாட்டு வகை. விலை உயர்ந்த விளையாட்டு வகை டயரைவிட நடுத்தர விலையில் ஒரு சொகுசு வகை டயர் பழைய காருக்கு இதமாக இருக்கும். வாங்கும்போது நிறுவனப் பெயரோடு வகையின் பெயரையும் கேட்க வேண்டும்.

சில டயர்களில் ஐரோப்பிய முத்திரைத் தாள் ஒட்டியிருக்கும். எரிபொருள் சிக்கனம், ஈரச் சாலையில் பிடிமானம், சத்தம் ஆகிய மூன்றையும் அது காட்டும். சத்தம் என்பது காருக்கு வெளியே அளந்தது. சொகுசுக்கு அதில் மதிப்பெண் கிடையாது. நான் பார்த்தது ஈரச் சாலைப் பிடிமானத்தைத்தான். மாலையானால் மழை கொட்டும் நம் நாட்டில் அதை விட்டுக்கொடுத்து மென்மையை வாங்க முடியாது.

அளவுக்குப் பக்கத்தில் 82எச் என்று இருந்தது. 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும், எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும். காருக்குக் குறித்த எண்ணைவிடக் குறைந்ததை வாங்கக் கூடாது என்றார். பிறகு, நான் கேட்காமலேயே டிஓடி எண்ணையும் காட்டினார். நான்கு மாதத்துக்கு முந்தைய டயர்.

செலவுக் கணக்கு இது. டயர் ஒன்று 170 ரிங்கிட், நான்குக்கு 680. பழைய கார்களைப் பிரித்து விற்கும் கடையில், இதே மாடல் மைவியில் கழற்றிய 14 அங்குல இரும்பு ரிம் நான்கும் 200. அலைன்மெண்ட், பேலன்சிங், புது வால்வு, புஷ் எல்லாம் சேர்த்து 190. கறுப்பு ரிம்களை 300 ரிங்கிட்டுக்கு விற்றேன். ஆக, கையிலிருந்து போனது 770. அந்தக் கறுப்பு ரிம்களை வேறொருவர் தம் காரில் ஏற்றியபோது மனசு கொஞ்சம் கனத்தது உண்மை.

நீங்களும் டயர் மாற்றப் போகிறீர்களா?

• முதலில் அப்சோர்பர், புஷ் ஆகியவற்றைச் சோதியுங்கள்.
• ஓட்டுநர் கதவு ஸ்டிக்கரில் உள்ள டயர் அளவைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.
• டிஓடி எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். மலிவாகக் கிடைக்கும் பழைய டயர்களில் இது மிக அவசியம்.
• நான்கையும் மாற்ற முடியாவிட்டால் இரண்டை மாற்றுங்கள். புதியவை பின்சக்கரங்களுக்கு. மழையில் காரின் பின்பகுதி சறுக்கினால் மீட்பது கடினம்.
• மாதம் ஒருமுறை காற்றைச் சோதியுங்கள். ஸ்டிக்கரில் பிஎஸ்ஐ மட்டும் இருந்தால், 1 பிஎஸ்ஐ ஏறக்குறைய 7 கிலோபாஸ்கல்.

ஒரு விரல் திரும்பி வந்தது

புது டயர் அற்புதம் எதுவும் செய்துவிடவில்லை. பெரிய குழியில் விழுந்தால் இப்போதும் அதிரும். வளைவுகளில் ஸ்டியரிங் முன்புபோல் வெடுக்கென்று திரும்புவதில்லை, கார் சற்றுச் சாய்கிறது. கல்லூரியில் ஒருத்தி, “என்னடி, காருக்கு வயசாயிடுச்சா?” என்று கேலி செய்தாள். ஆனால் சாலையில் சிறிய ஒட்டுகளையும் சரளைக் கற்களையும் கடக்கும்போது வந்த அந்தத் தடதடப்பு இல்லை.

அடுத்த புதன்கிழமை புறப்படும் முன் பாட்டி ஊன்றுகோலுடன் காரைச் சுற்றி வந்து, குனிய முடியாமல் குனிந்து, டயரைத் தொட்டுப் பார்த்தார். அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். எங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள கோலகங்சாரில்தான் 1877இல் இந்நாட்டின் முதல் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. அவற்றில் ஒரு மரம் இன்னும் அங்கே நிற்கிறது. பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறேன். என் பாட்டியின் கைக்கும் நான் ஓட்டும் காருக்கும் அதில் தொடர்பு உண்டு என்று அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

“இது நல்ல ரப்பரு” என்றார் பாட்டி, வேறொன்றும் சொல்லாமல் ஏறி உட்கார்ந்தார்.

சிம்மோரைத் தாண்டும்போது பக்கத்தில் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தேன். கைப்பிடி காலியாக ஆடிக்கொண்டிருந்தது. பாட்டி தூங்கிக்கொண்டிருந்தார்.