ஆட்டிசம்: பழி சுமக்கும் பெற்றோர்



ஆட்டிசம் உள்ள பிள்ளையை எங்கள் குழந்தைகள் பிரிவுக்கு அழைத்து வரும் பெற்றோர், "பிள்ளைக்கு என்ன?" என்று கேட்பதற்கு முன்பே வேறொரு கேள்வியைக் கேட்டுவிடுகிறார்கள். "நாங்கள் என்ன தப்பு செய்தோம், டாக்டர்?" என்பதே அது. பெரும்பாலும் தாய்தான் கேட்கிறாள். கிரகணத்தன்று வெளியே போனாய் என்று மாமியார் சொல்லியிருப்பார். வேலைக்குப் போய்ப் பிள்ளையைக் கவனிக்காமல் விட்டாய் என்று பக்கத்து வீட்டார் சொல்லியிருப்பார்கள். டி.வி.யையும் செல்போனையும் தடுப்பூசியையும் காட்டுவோர் உண்டு. ஜெபிக்க வந்தவர்களே, "வீட்டில் அறிக்கையிடாத பாவம் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டுப் போவதும் உண்டு. பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள் கேட்ட கேள்வியும், அதற்கு ஆண்டவர் சொன்ன மறுப்பும் யோவான் சுவிசேஷத்தில் இருக்க, இன்னமும் அதே கேள்வி கேட்கப்படுகிறது.

இந்தப் பழி எங்கிருந்து வந்தது, அதைப் பெற்றோர் எப்படி எதிர்த்தார்கள் என்பதை இம்மடலில் தங்களோடு பகிர்ந்துகொள்கிறோம். இதில் பாதிக் கதை மருத்துவர்களுக்குப் பெருமை சேர்ப்பதல்ல.

முதலில், ஆட்டிசம் என்பது என்ன? மற்றவர்களோடு பழகுவதிலும் பேசுவதிலும் வேறுபாடு. ஒரே செயலையோ ஒரே ஒழுங்கையோ விடாமல் பற்றிக்கொள்ளுதல். சத்தம், தொடுதல், வெளிச்சம் ஆகியவற்றை மிக அதிகமாகவோ மிகக் குறைவாகவோ உணர்தல். மூளையின் வளர்ச்சியிலேயே அமைந்துவிட்ட வேறுபாடு இது. சிலர் பட்டம் பெற்று வேலைக்குப் போகிறார்கள். சிலர் வாழ்நாள் முழுவதும் ஒரு சொல்லும் பேசுவதில்லை. தமிழில் இதற்கு மதியிறுக்கம் என்றும், புற உலகச் சிந்தனையற்ற நிலை என்றும் பெயர்கள் வழங்குகின்றன. இரண்டும் பெற்றோருக்குப் பிடிப்பதில்லை, எங்களுக்கும்தான். அம்மா சேலையின் கரையை அரைமணி நேரம் தடவிப் பார்க்கும் பிள்ளைக்குப் புற உலகச் சிந்தனை இல்லை என்று எப்படிச் சொல்வது? ஆகையால் ஆட்டிசம் என்றே எழுதுகிறோம்.

அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தின் ஃபாரஸ்ட் என்னும் சிற்றூரில் 1933-இல் டொனால்ட் டிரிப்லெட் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். தாய் மேரி, ஊரில் வங்கி நடத்திய குடும்பத்துப் பெண். பிள்ளை யாரையும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. ஆனால் பாட்டுகளையும் எண்களையும் அப்படியே ஒப்பிப்பான். மருத்துவரின் ஆலோசனைப்படி 1937-இல், நான்கு வயது நிரம்புமுன்னே, அவனை ஒரு விடுதியில் சேர்த்தார்கள். அந்நாளில் அதுவே நல்ல ஆலோசனை என்று எண்ணப்பட்டது. பிள்ளையை மறந்துவிட்டு வேலையைப் பார்க்க வேண்டும் என்பதே அதன் பொருள். ஏறக்குறைய ஒரு வருடம் பொறுத்த பெற்றோர், அங்கேயே விட்டுவிடும்படி விடுதித் தலைவர் சொல்லியும் கேளாமல், 1938-இல் மகனை வீட்டுக்குத் திரும்ப அழைத்து வந்துவிட்டார்கள்.

பிறகு பால்ட்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் குழந்தை மனநல மருத்துவர் லியோ கேனரிடம் போனார்கள். போகுமுன் தந்தை மகனைப்பற்றி 33 பக்கங்களுக்கு ஒரு கடிதம் எழுதி அனுப்பினார். என்ன சாப்பிடுவான், எதைச் சுழற்றுவான், எந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வான் என்று ஒன்று விடாமல் எழுதியிருந்தார். 1943-இல் கேனர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே ஆட்டிசத்தை மருத்துவ உலகுக்கு அறிமுகம் செய்தது. அதில் முதல் குழந்தை டொனால்ட். அதாவது, இந்தத் துறையின் முதல் ஆவணம் ஒரு தகப்பனின் கடிதத்தின்மேல் எழுந்தது. பெற்றோர் கொண்டுவரும் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க நேரமில்லை என்று சொல்லும் மருத்துவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அந்தக் கட்டுரையில் கேனர், இந்த நிலை பிறவியிலேயே அமைந்தது என்று முடிவு சொன்னார். ஆனால் இந்தப் பெற்றோரில் உண்மையான பாசமுள்ளவர்கள் மிகச் சிலரே என்றும் எழுதிவைத்தார். பின்வந்த ஆண்டுகளில் முதல் கருத்து மங்கி, இரண்டாவது வளர்ந்தது. பெற்றோரைக் குளிர்சாதனப் பெட்டிக்கு ஒப்பிட்டார் அவரே. அதிலிருந்து "குளிர்ந்த தாய்" என்ற பட்டம் பிறந்தது. தாயின் மனதில் அன்பு இல்லாததால் பிள்ளை தனக்குள் ஒடுங்கிவிட்டது என்பது அதன் சாரம். சிகாகோவில் ஒரு விடுதிப்பள்ளியை நடத்திய புரூனோ பெட்டெல்ஹெய்ம், 1967-இல் வெளியிட்ட புத்தகத்தில் இந்தக் குழந்தைகளின் நிலையை நாஜி முகாம் கைதிகளின் நிலையோடு ஒப்பிட்டார். தாமே அத்தகைய முகாமில் இருந்தவர் என்பதால் ஊர் நம்பியது. அந்த ஒப்புமையில் காவலாளியின் இடத்தில் யார் இருந்தார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைப்பதே சிகிச்சை என்றாயிற்று.

இதை உடைத்தவர்கள் பெற்றோரே. சான்டியாகோவில் கடற்படையில் உளவியலாளராயிருந்த பெர்னார்ட் ரிம்லாண்டின் மகனுக்கு ஆட்டிசம். தன் மனைவி அன்பில்லாதவள் என்று நம்ப அவரால் இயலவில்லை. கிடைத்த ஆராய்ச்சிகளையெல்லாம் வாசித்து, 1964-இல் ஒரு நூல் எழுதினார். தாயைக் குற்றஞ்சாட்ட எந்தச் சான்றும் இல்லை, காரணம் உடலில்தான் இருக்கிறது என்று அது வாதித்தது. அதற்கு முன்னுரை எழுதியவர் கேனர்! அடுத்த ஆண்டு ரிம்லாண்ட் மற்றப் பெற்றோரோடு சேர்ந்து தேசிய அளவில் ஒரு சங்கம் தொடங்கினார். 1969-இல் அந்தச் சங்கத்தின் கூட்டத்தில் கேனர் எழுந்து, பெற்றோராகிய உங்களைக் குற்றத்திலிருந்து விடுவிக்கிறேன் என்று அறிவித்தார். செய்யாத குற்றத்துக்கு விடுதலை! ஆனாலும் அங்கிருந்தவர்கள் அதற்காக இருபது வருடமாய்க் காத்திருந்தவர்கள். 1977-இல் சூசன் ஃபோல்ஸ்டைன், மைக்கேல் ரட்டர் ஆகியோர் 21 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்து, மரபணுவின் பங்கை எடுத்துக்காட்டினார்கள். ஒரே கருவில் பிரிந்த 11 ஜோடிகளில் 4 ஜோடிகளில் இருவருக்கும் ஆட்டிசம் இருந்தது. மற்ற 10 ஜோடிகளில் ஒன்றில்கூட இருவருக்கும் இல்லை.

இங்கிலாந்தில் லோர்னா விங் என்னும் மனநல மருத்துவரும் ஆட்டிசம் உள்ள மகளின் தாயே. 1962-இல் அங்கே பெற்றோர் சங்கம் எழும்பியபோது அதை நிறுவியவர்களில் ஒருவர். ஆட்டிசம் என்பது ஒரே அச்சில் வார்த்ததல்ல, பல அளவுகளில் விரிந்து கிடப்பது என்று இன்று நாம் எண்ணுவதற்கு அவருடைய ஆராய்ச்சியே பெரிதும் காரணம். நம் நாட்டில் மெரி பரூவா என்னும் தாய் 1991-இல் டெல்லியில் 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' அமைப்பைத் தொடங்கினார்.

அத்துடன் பழி ஒழிந்ததா? இல்லை. இடம் மாறியது. 1998 பிப்ரவரியில் 'லான்செட்' இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் அவரோடு சேர்ந்தவர்களும் 12 குழந்தைகளைப் பற்றிய கட்டுரை ஒன்றை வெளியிட்டார்கள். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்.எம்.ஆர். தடுப்பூசியின்மேல் அது சந்தேகத்தைக் கிளப்பியது. பெற்றோர் ஏன் நம்பினார்கள் என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். அவர்களை மூடர் என்று தள்ளுவது நியாயமல்ல. அந்த ஊசி போடும் காலம் ஒன்றேகால் வயதை ஒட்டியது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் சிலர், பேசத் தொடங்கிய சொற்களை இழப்பதும் ஏறக்குறைய அந்த வயதில்தான். போன மாதம் ஊசி, இந்த மாதம் "அம்மா" என்ற சொல் காணோம். எந்தத் தாய்க்கும் சந்தேகம் வரும். இருபது வருடம் தன் பேச்சைக் கேட்காத மருத்துவ உலகின்மேல் அவளுக்கு நம்பிக்கை குறைந்திருந்ததும் உண்மை. அன்னையரின் பழியைத் துடைத்த ரிம்லாண்டே பிற்காலத்தில் தடுப்பூசிச் சந்தேகத்தின் பக்கம் நின்றார். அது எங்களுக்கு வருத்தம் தரும் காரியம்.

ஆனால் சந்தேகத்தைச் சோதித்துப் பார்த்தாயிற்று. டென்மார்க்கில் 2002-இல் 5,37,303 குழந்தைகளையும், 2019-இல் 6,57,461 குழந்தைகளையும் கொண்ட ஆய்வுகள் வெளிவந்தன. ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் வேறுபாடு இல்லை. ஜப்பானில் 1993-இல் எம்.எம்.ஆர். ஊசியையே நிறுத்திவிட்டார்கள்; அதற்குப் பிறகும் யோகோஹாமா நகரில் ஆட்டிசம் என்று கண்டறியப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. வேக்ஃபீல்டின் கட்டுரையில் இருந்த முறைகேடுகளைப் பிரையன் டீர் என்னும் பத்திரிகையாளர் வெளிக்கொண்டுவந்தார். 2010-இல் 'லான்செட்' அதைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு பிரிட்டனின் மருத்துவக் கவுன்சில் அவருடைய பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கியது. இதற்குள் இங்கிலாந்தில் இந்த ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகள் சுமார் 80 சதவீதமாகக் குறைந்து, தட்டம்மை திரும்பிவிட்டது. 2013-இல் வேல்ஸில் ஸ்வான்சீ பகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் தட்டம்மை கண்டது.

தமிழ்நாட்டுக்கும் அந்தச் சந்தேகத்தின் காற்று வீசியது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது, வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திகளால் பல பள்ளிகளில் பெற்றோர் கையெழுத்திட மறுத்தார்கள். முகாமின் நாட்களை நீட்டிக்க வேண்டியதாயிற்று. இதில் ஒரு வேதனையான முரண் உண்டு. கர்ப்பத்தில் தாய்க்கு ரூபெல்லா வந்தால் பிறக்கும் பிள்ளைக்கு ஆட்டிசம் வரும் வாய்ப்பு அதிகம் என்பது தெளிவாகக் காணப்பட்ட ஒன்று. 1964-இல் அமெரிக்காவில் ரூபெல்லா கொள்ளைநோயாய்ப் பரவியபின், நியூயார்க்கில் ஸ்டெல்லா செஸ் என்னும் மருத்துவர், கருவிலேயே அந்நோயால் தாக்கப்பட்ட 243 குழந்தைகளைப் பார்த்து, அவர்களில் 10 பேருக்கு முழு ஆட்டிசமும் வேறு சிலருக்கு அதன் அடையாளங்களும் இருப்பதாக 1971-இல் எழுதினார். ஆட்டிசத்துக்குப் பயந்து மறுக்கப்பட்ட ஊசி, ஆட்டிசத்தின் ஒரு காரணத்தைத் தடுக்கும் ஊசி!

ஆகவே முதல் பிள்ளைக்கு ஆட்டிசம் இருக்கும் பெற்றோர், "இரண்டாவது பிள்ளைக்கு ஊசி போடலாமா?" என்று கேட்டால், "போடுங்கள்" என்றே தயக்கமின்றிச் சொல்கிறோம்.

2025 செப்டம்பரில் இன்னொரு பழி எழுந்தது. கர்ப்பிணிகள் பாராசிட்டமால் சாப்பிடுவது ஆட்டிசத்தோடு தொடர்புடையது என்று அமெரிக்க அதிபரே அறிவித்தார். அடுத்த வாரங்களில் உலகெங்கும் எத்தனை தாய்மார் பழைய மருந்துச் சீட்டுகளைத் தேடி எடுத்திருப்பார்களோ! ஸ்வீடனில் சுமார் 25 லட்சம் குழந்தைகளைக் கொண்டு 2024-இல் வெளியான ஆய்வில், ஒரே தாயின் பிள்ளைகளை ஒருவரோடொருவர் ஒப்பிட்டபோது அந்தத் தொடர்பு காணாமற்போயிற்று. கர்ப்பத்தில் காய்ச்சலைத் தணிக்காமல் விடுவதுதான் ஆபத்து. முதலில் தாயின் இருதயம். பிறகு தாய் சம்மதித்த ஊசி. இப்போது தாய் விழுங்கிய மாத்திரை. சுற்றிச் சுற்றி எங்கே வந்து நிற்கிறது என்று தாங்களே பாருங்கள்.

பழியுணர்வு உள்ள இடத்தில் வியாபாரிகள் நுழைவார்கள். செக்ரெட்டின் என்னும் ஊசிமருந்துக்கு 1998-க்குப் பின் அலையலையாய்ப் பெற்றோர் போனார்கள். சோதனைகளில் அது பயன் தரவில்லை. உடலிலிருந்து உலோகத்தை நீக்குவதாகச் சொல்லி மருந்து ஏற்றியதில் 2005-இல் பென்சில்வேனியாவில் ஐந்து வயதுச் சிறுவன் இறந்தான். நம் நாட்டில் லட்சக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு ஸ்டெம் செல் ஏற்றுவோர் இருந்தார்கள். ஆட்டிசத்துக்கு அது பரிந்துரைக்கத்தக்கதல்ல என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் தெரிவித்தது. நிலத்தை விற்றுவிட்டு வந்த பெற்றோரிடம் இதைச் சொல்வது எளிதல்ல.

பெற்றோர் கேட்க வேண்டிய இன்னொரு குரலும் இருக்கிறது. 1993-இல் டொரன்டோ மாநாட்டில், ஆட்டிசம் உள்ளவரான ஜிம் சின்க்ளேர் பெற்றோரைப் பார்த்துப் பேசினார். நீங்கள் எதிர்பார்த்த பிள்ளைக்காக அழுவது உங்கள் துக்கம். உங்கள் முன் நிற்கும் பிள்ளை அதைச் சுமக்கக்கூடாது என்பதே அவர் பேச்சின் கருத்து. அந்த வழியில் வந்தவர்கள், எங்களைக் குணமாக்க வேண்டாம், ஏற்றுக்கொள்ளுங்கள் என்கிறார்கள். பேசாத, தலையைச் சுவரில் மோதிக்கொள்ளும் இருபது வயது மகனை வைத்திருக்கும் தாய்க்கோ இந்தப் பேச்சு தூரத்தில் கேட்கிறது. 2021-இல் 'லான்செட்' குழு ஒன்று, இரவும் பகலும் துணை தேவைப்படுவோருக்குத் தனிப்பெயர் வேண்டும் என்றபோது, அதற்கும் எதிர்ப்பு எழுந்தது. இரு பக்கமும் வலியோடு பேசுகிறார்கள். மேசையில் கரண்டியைத் தட்டும் பிள்ளையின் கையைக் கட்டிப்போட வேண்டியதில்லை என்பதில் நாங்கள் முதல் பக்கம். அவன் தன்னைத்தானே கடிக்கும்போது அதைத் தடுக்க எல்லா உதவியும் வேண்டும் என்பதில் இரண்டாம் பக்கம்.

டொனால்ட் என்ன ஆனார்? சில ஆண்டுகள் ஊருக்கு அருகே ஒரு விவசாயத் தம்பதியரிடம் வாழ்ந்தார். எண்ணுவதை நிறுத்தாத பையனிடம் அவர்கள் சோளப் பயிரின் வரிசைகளை எண்ணச் சொன்னார்கள்; எண்ணிக்கொண்டே உழவும் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தத் தம்பதியர் எந்த மனநூலும் படித்தவர்களல்லர். 1958-இல் பட்டம் பெற்றார். குடும்ப வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், பல நாடுகளைச் சுற்றினார். அவரைத் தேடி வந்த பத்திரிகையாளர்களை, அவர் மனம் நோகும்படி நடந்தால் சும்மா விடமாட்டோம் என்று ஊரார் எச்சரித்தார்களாம். 2023-இல் 89 வயதில் இறந்தார். தாய் 1985-இலேயே மறைந்துவிட்டார். தாய் இல்லாத 38 ஆண்டுகள் அந்த ஊர் அவரைத் தாங்கியது. கொஞ்சம் பணமும் இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பணமில்லாத நம் பெற்றோர் இரண்டாவதாகக் கேட்கும் கேள்வி, "எங்களுக்குப் பின் யார்?" என்பது. இதற்குச் சட்டத்தில் சிறிது வழி இருக்கிறது. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெற்றுள்ளது. அதன் 'நிராமயா' திட்டத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு உண்டு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டமும் ஆட்டிசத்தைச் சேர்த்துக்கொண்டது. பலர் அறியாத ஒன்று: பிள்ளைக்கு 18 வயது நிறைந்தால், பெற்றோராயிருப்பதால் மட்டும் சட்டப்படி காப்பாளராய்த் தொடர முடியாது. மாவட்ட ஆட்சியரின் தலைமையிலுள்ள குழுவிடம் விண்ணப்பித்துக் காப்பாளர் சான்று பெற வேண்டும். தங்கள் சபையிலோ தெருவிலோ அப்படியொரு குடும்பம் இருந்தால், பிள்ளையின் வயதை விசாரித்து இதைத் தெரிவியுங்கள்.