பக்கத்து ஊர்க் குரல்



விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே சுமார் 40 கிலோமீட்டர். சமுதாய வானொலியின் ஒலியோ 10, 15 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். ஒரே நிலையம் இரண்டு ஊருக்கும் எட்டாது. இதை நாங்கள் குறையாக எண்ணவில்லை. பேசுகிறவர் இன்னார் என்று கேட்கிறவருக்குத் தெரியும். பிசகாகச் சொன்னால் மறுநாள் சந்தையில் மறித்துக் கேட்பார். 2006ஆம் ஆண்டு மத்திய அரசு வகுத்த நெறிமுறையும், நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்களின் பங்கேற்புடன் உருவாகவேண்டும் என்றது. பாம்பனில் 2016இல் மீனவருக்கென்றே ‘கடல் ஓசை’ தொடங்கியது.

இருமல் நின்றதும் காசநோய் மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்களை வார்டுகளில் சந்திக்கிறோம். ஆறு மாதமும் சாப்பிட்டு முடித்த ஒருவர், நடுவில் விட்டுவிட நினைத்தது ஏன், வெட்கமா, பஸ் செலவா, குமட்டலா என்று தம் ஊர்ப் பேச்சில் வானொலியில் சொல்லட்டும். கேட்டவர்களும் தங்கள் சந்தேகத்தை அவரிடமே கேட்கட்டும்.