நெய்வேலிக்கு ஒருநாள் ட்ரிப்: சுரங்கத்தைப் பார்க்கப் போறீங்களா? இதைத் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க!

நெய்வேலி என்றதும் என் ஆபீஸ் நண்பர்களுக்கு ஞாபகம் வருவது ஒரே ஒரு போட்டோதான். 2020 பிப்ரவரியில் 'மாஸ்டர்' ஷூட்டிங்குக்கு வந்த விஜய், வண்டி மேலே ஏறி நின்று ரசிகர் கூட்டத்தோடு எடுத்த அந்த செல்ஃபி. "நீ அந்த ஊர்ப்பக்கம்தானே, சுரங்கத்தைக் காட்டேன்" என்று வருஷத்துக்கு ரெண்டு பேராவது கேட்டுவிடுகிறார்கள். நான் குள்ளஞ்சாவடிக்காரி. அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கேயும் சொல்லப்போகிறேன்.

முதல்ல ஒரு ஏமாற்றத்தைச் சொல்லிடறேன். டிக்கெட் எடுத்துக்கொண்டு உள்ளே போகிற இடம் இல்லை இது. மத்திய தொழிற் பாதுகாப்புப் படையின் காவலில் இருக்கிற பகுதி. முன்அனுமதி இல்லாமல் பைக்கில் போய் கேட்டில் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கல்லூரி, நிறுவனம் என்று குழுவாகப் போகிறவர்கள் முன்கூட்டியே எழுதிக் கேட்பதுதான் வழி. ட்ரோன் ஐடியா இருந்தா அதை வீட்டிலேயே வெச்சுட்டு வாங்க.

அப்போ எதுக்கு வரணும்? ரோட்டுக்காக. சென்னையிலிருந்து பண்ருட்டி வழியாகக் கும்பகோணம் போகிற பஸ்ஸில் ஏறினால் நெய்வேலி ஆர்ச் கேட்டிலேயே இறங்கலாம், சுலபம். ஆனா என் சாய்ஸ் கடலூர் வழி. கடலூரில் விருத்தாசலம் பஸ் பிடித்து ஜன்னல் ஓரம் உட்காருங்க.

குள்ளஞ்சாவடி நெருங்கும்போது மண் சிவப்பாக மாறும், முந்திரித் தோப்புகள் ஆரம்பிக்கும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் இந்தப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. இன்று நீங்கள் பார்க்கும் மரங்களில் பல அதற்குப் பிறகு நட்டவை. 2025-ல் பண்ருட்டிப் பலாவுக்கும் முந்திரிக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. ஏப்ரல், மே மாதங்களில் வந்தால் ரெண்டுமே ரோட்டோரத்தில் கிடைக்கும். வெயில் கொளுத்தும், அதையும் சொல்லிடணும்.

அடுத்து குறிஞ்சிப்பாடி, கைலி நெசவுக்குப் பேர் போன ஊர். அதைத் தாண்டினால் வடலூர். மதியச் சாப்பாட்டுக்கு ஹோட்டல் தேட வேண்டாம். 1867-ல் வள்ளலார் தொடங்கிய சத்திய தருமசாலையில் யார் போனாலும் சாதி, மதம் கேட்காமல் சோறு போடுகிறார்கள். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. பக்கத்தில் எண்கோண வடிவில் சத்திய ஞானசபை. ஏழு திரைகளும் விலகி ஜோதி தெரிவது தைப்பூசத்தன்றுதான். அன்னைக்குக் கூட்டம் தாங்காது. அமைதியாகப் பார்க்கணும்னா சாதாரண நாளில் வாங்க. சபைக்குள் நுழைய உயிர்க்கொலையும் புலாலும் தவிர்த்தவராக இருக்க வேண்டும் என்பது வள்ளலார் வைத்த விதி. மதியம் பிரியாணி பிளான் பண்ணியவர்கள் கவனிக்க.

இனி நெய்வேலி. டவுன்ஷிப்பில் அட்ரஸ் விசாரித்தால் "எத்தனாவது வட்டம்?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். ஊரையே எண் போட்ட வட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். அகலமான சாலை, ரெண்டு பக்கமும் பெரிய மரங்கள், ஒரே மாதிரி குவார்ட்டர்ஸ். 16-வது வட்டத்துச் சிவன் கோயிலில் இருப்பது பத்தடி உயர நடராஜர். வழக்கமாக ஜூலையில் நடக்கும் புத்தகக் கண்காட்சியோடு சேர்த்து வந்தால் இன்னும் நல்லது.

இந்த ஊர் எப்படி வந்தது என்பதுதான் எனக்கு எப்பவும் ஆச்சரியம். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் தண்ணீருக்காகக் குழாய்க் கிணறு போட்டபோது கறுப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-ல் நிறுவனம், 1957-ல் நேரு தொடங்கிவைத்த சுரங்கம். அனல்மின் நிலையம் சோவியத் உதவியில் வந்தது, மண்ணை வெட்டும் ராட்சத சக்கர இயந்திரங்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தன. பனிப்போர் காலத்தில் ரெண்டு பேரையும் ஒரே ஊரில் வேலை வாங்கியிருக்கிறோம்!

சுரங்கம் என்றால் குகை மாதிரி கற்பனை வேண்டாம். மேல்மண்ணை முழுசாக அகற்றிவிட்டுத் தோண்டும் திறந்தவெளிப் பள்ளம் இது. அதனால்தான் பள்ளம் வளர வளர ஊர்கள் நகர வேண்டியிருக்கிறது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற வயலுக்குள் இயந்திரம் இறங்கிய வீடியோ ஞாபகம் இருக்கா? சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்டிய வேலை அது. நிலம் எப்போதோ கையகப்படுத்தியாச்சு என்றது நிர்வாகம். இழப்பீடும் வேலையும் போதாது என்றார்கள் விவசாயிகள். ஜெர்மனியில் கார்ட்ஸ்வைலர் சுரங்கத்தைப் பார்க்க மேடையே கட்டியிருக்கிறார்கள், யாரும் போய் நின்று பார்க்கலாம். அங்கேயும் 2023 ஜனவரியில் லுட்சராத் என்ற கிராமத்தைக் காலி செய்ய போலீஸ்தான் வந்தது.

அதனால டீக்கடையில் உட்கார்ந்து "நிலம் போச்சாமே, எவ்வளவு கொடுத்தாங்க?" என்று எடுத்ததும் கேட்காதீங்க. ஒரே வீட்டில் ஒருவர் என்.எல்.சி. சம்பளத்தில் இருப்பார், இன்னொருவர் நிலத்தைக் கொடுத்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பார். அவங்களா சொன்னா கேட்டுக்குங்க.

திரும்பும்போது குறிஞ்சிப்பாடியில் இறங்கி ஆட்டோவில் பெருமாள் ஏரிக்குப் போங்க. நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் இருக்கிறது. அதை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை பொங்காமல் நிற்கும். ஒரு காலத்தில் இந்தப் பக்கத்துக் குழாய்க் கிணறுகளில் மோட்டார் இல்லாமலே பீறிட்டுக் கொட்டிய தண்ணீர் அது. சுரங்கத்திலிருந்து வெளியேற்றும் நீர் பரவனாற்றில் கலந்து, வாலாஜா ஏரி வழியாக இங்கே வருகிறது. எங்க பக்கத்து வயல்களுக்குப் பாய்கிறது. சாயங்காலம் ஐந்து மணி வெளிச்சம் போட்டோவுக்கு சூப்பரா இருக்கும். ஆட்டோவை மட்டும் அனுப்பிடாதீங்க, ஏரிக்கரையில் திரும்பி வர வேறு வண்டி கிடைக்காது.