யானைப் பசிக்குச் சோளப்பொரி

சுற்றிலும் சிந்திக் கிடக்கும் வெளிச்சம், சூடு, அசைவு, ரேடியோ அலை எல்லாவற்றையும் மின்சாரமாக்கினால் செல்போனுக்கு சார்ஜரே வேண்டாமே என்று கேட்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டால் ஆசை அடங்கிவிடும். 5000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியில் சுமார் 19 வாட்-மணி மின்சாரம் கொள்ளும். போனின் முதுகு முழுக்க சோலார் தகடு பதித்து உச்சி வெயிலில் காட்டினாலும் 2 வாட்டுக்குச் சற்று மேல்தான் தேறும். எட்டு மணி நேரத்தில் நிரம்பிவிடுமே என்று தோன்றலாம். உச்சி வெயில் எட்டு மணி நேரம் நிற்பதில்லை. காய்ந்து சூடேறும் லித்தியம் பேட்டரிக்கு ஆயுளும் குறையும். வீட்டுக்குள் இன்னும் மோசம். நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் விளக்கொளி, வெயிலின் பல நூறில் ஒரு பங்குதான். அதே தகடு சில மில்லிவாட் தரும். பேட்டரி நிரம்ப மாதக்கணக்கில் ஆகும். சாம்சங் 2009-ல் இந்தியாவில் விற்ற சோலார் குரு, எளிய பட்டன் போன்தான். அதற்கே ஒரு மணி நேர வெயில் சில நிமிடப் பேச்சுக்குத்தான் போதுமாயிருந்தது.

சிறுதுளி பெருவெள்ளம் ஆகாதா? சேர்வதைவிட வேகமாகக் குடம் ஒழுகினால் ஆகாது. ஆனால் பசி சிறிதாக இருந்தால் பொரியே விருந்து. குவார்ட்ஸ் கைக்கடிகாரம் ஓட ஓரிரு மைக்ரோவாட் போதும். அதனால்தான் சிட்டிசன் 1976-லேயே வெளிச்சத்தில் ஓடும் முள் கடிகாரத்தை விற்க முடிந்தது. 1988-ல் சீக்கோ கை வீச்சிலிருந்து மின்சாரம் எடுத்தது; 1998-ல் உடல் சூட்டிலிருந்தும் எடுத்தது. (பின்னதற்குத் தோலுக்கும் காற்றுக்கும் சூட்டில் வித்தியாசம் வேண்டும். நம் சித்திரை வெயிலில் அது பட்டினிதான்.)

கடிகாரம், ரிமோட் போன்ற சின்னக் கருவிகளில் மிச்சமாகும் மின்சாரம் சொற்பம், இதற்கா இத்தனை பாடு என்று கேட்கலாம். பொத்தான் பேட்டரி ஒன்றில் ஒரு வாட்-மணிகூட இல்லை என்பது உண்மைதான். மிச்சமாவது மின்சாரமல்ல, பேட்டரி மாற்றும் வேலையும் குப்பைக்குப் போகும் பேட்டரியும். பாலத்தின் அடியில் பொருத்திய உணர்கருவிக்கு ஏறிச்சென்று பேட்டரி மாற்றும் செலவு அந்தப் பேட்டரியின் விலையைப்போலப் பல மடங்கு. இத்தகைய கருவி பெரும்பாலும் தூங்கி, கணநேரம் விழித்து, அளந்து சொல்லிவிட்டு மறுபடி தூங்கும். முதலில் மின்செலவைக் குறைத்தார்கள், வரவு தானாகப் போதுமானதாயிற்று. சாம்சங் 2021-ல் தன் டிவி ரிமோட்டின் முதுகில் சோலார் தகடு பதித்ததும் இதே கணக்கில்தான். செல்போனுக்கு இன்றைக்கு சார்ஜர்தான் கதி. அடுத்த ரிமோட் வாங்கும்போது அதன் முதுகைத் திருப்பிப் பாருங்கள்.