மூன்று பிள்ளைகள், ஓர் அளவுகோல்

சென்ற ஆண்டு பள்ளி விடுமுறை. ஒரு கேளிக்கைப் பூங்காவில் நாற்பது நிமிடம் வரிசையில் நின்று, கடைசியில் சவாரியின் வாசலுக்கு வந்துவிட்டோம். அங்கிருந்த ஊழியர் ஒரு மரக்கோலை என் மகளின் பக்கத்தில் நிறுத்தினார். 120 சென்டிமீட்டரில் சிவப்புக் கோடு. அவள் உச்சந்தலை அந்தக் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே இருந்தது.

"சாரி அடேக், பெலும் போலே."

இதைவிட அன்பாக யாரும் 'இன்னும் முடியாது' என்று சொல்லிவிட முடியாது. இருந்தும் அவள் முகம் சுருங்கிப்போனது. அண்ணன் உள்ளே ஓடிவிட்டான். அவனைத் தனியே விட முடியாமல் என் கணவரும் பின்னால் போனார். தள்ளுவண்டியில் தூங்கிக்கொண்டிருந்த கடைக்குட்டியோடு நாங்கள் இருவரும் வெளியே வந்தோம். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டாள்: "அம்மா, சப்பாத்துக்குள்ள டிசு வெச்சா எட்டுமா?"

அழுதிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன்.

தவறு ஊழியருடையது அல்ல. சவாரியில் நம்மைப் பிடித்து வைக்கும் மடிக்கம்பியும் தோள்பட்டையும் ஒரு குறிப்பிட்ட உடல் அளவுக்காகச் செய்யப்பட்டவை. உடல் சிறியதாக இருந்தால் இடைவெளி விழும், நழுவ வழி உண்டாகும். அதனால்தான் அங்கே வயதைக் கேட்பதில்லை, உயரத்தைப் பார்க்கிறார்கள். நுழைவுச்சீட்டு வாங்கும்போது வயதைக் கேட்டார்கள். வயதைச் சொன்னேன், பணத்தைக் கட்டினேன். ஒவ்வொரு சவாரிக்கும் தனித்தனியாக உயர வரம்பு உண்டு என்பதை முன்கூட்டியே பார்க்கவில்லை. அது போதாதென்று, இரண்டு வாரமாக "அண்ணாவும் நீயும் ஒண்ணா போகலாம்" என்று அவளிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன். காலை நான்கு மணிக்கு எழுந்து ஊருக்கெல்லாம் போக்குவரத்து நிலவரம் சொல்கிறவளுக்கு, பெற்ற மகளின் உயரம் தெரியவில்லை.

இந்த ஆண்டு விடுமுறைக்கு எங்கே போவது என்ற பேச்சு எழுந்ததும், அந்த டிசுதான் முதலில் ஞாபகத்துக்கு வந்தது. அந்த வாரம் காலை நிகழ்ச்சியில் நேயர்களிடமே கேட்டேன். வெவ்வேறு வயதில் பிள்ளைகள் இருந்தால் விடுமுறைக்கு என்ன செய்வீர்கள்? ஒரு தந்தை அழைத்து, "கடைசிப் பிள்ளை கொஞ்சம் வளரட்டும்மா, அப்புறம் எல்லாரும் சேர்ந்து ஒரே தடவையா போயிடலாம்" என்றார். நியாயமாகத்தான் பட்டது. அடுத்த பாடலை ஓடவிட்டு, ஒரு துண்டுத்தாளில் கணக்குப் போட்டேன்.

என் பிள்ளைகளுக்கு வயது பத்து, ஆறு, இரண்டு. பெரும்பாலான பிள்ளைகள் 120 சென்டிமீட்டரை எட்டுவது ஆறரை, ஏழு வயதில். கடைக்குட்டி அந்தக் கோட்டைத் தொட இன்னும் ஐந்து ஆண்டு ஆகும். அப்போது மூத்தவனுக்கு பதினைந்து. பதினைந்து வயதுப் பையன் அப்பா அம்மாவோடு ஒரே நிறச் சட்டை போட்டுக்கொண்டு படம் எடுக்க வருவானா? நான் அந்த வயதில் போயிருக்க மாட்டேன். ஆக, மூன்று பேருக்கும் சரியாகப் பொருந்துகிற ஆண்டு என்று ஒன்று வரப்போவதே இல்லை.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் கேள்வியை மாற்றினேன். எல்லாருக்கும் பிடித்த இடம் எது என்று கேட்காமல், இந்தத் தடவை பயணம் யாருடையது என்று கேட்டேன்.

மூத்தவனுடைய ஓட்டு கெந்திங்குக்கு. 2022 பிப்ரவரியில் திறந்த ஸ்கைவோர்ல்ட்ஸில் பெரிய சவாரிகள் இருக்கின்றன, அவனுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் அது கிட்டத்தட்ட 6,000 அடி உயரத்தில் உள்ள திறந்தவெளிப் பூங்கா. மழையும் பனிமூட்டமும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, சின்னவனுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது. என் மாமியாரின் ஓட்டு ஈப்போ தம்புனில் இருக்கும் லோஸ்ட் வோர்ல்டுக்கு. 2004இல் திறந்த இடம், சுண்ணாம்புக் குன்றுகளின் அடிவாரத்தில் வெந்நீர் ஊற்று. அத்தையின் கண் நீர்ச்சறுக்கில் இல்லை, முழங்காலில் இருக்கிறது. "வயசு வித்தியாசம்னா பிள்ளைங்களுக்கு மட்டும்தானா? எனக்கும் வயசுதான்" என்றார். மறுக்க முடியவில்லை. பினாங்கிலிருந்து இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம் என்பதால், தம்புனை ஒரு சனிக்கிழமைக்கு ஒதுக்கிவிட்டோம்.

நீண்ட விடுமுறை மகளுக்கு. லெகோலண்ட்.

2012 செப்டம்பரில் ஜோகூரில் திறக்கப்பட்ட இந்தப் பூங்கா, ஆசியாவின் முதல் லெகோலண்ட். 2 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளை நினைத்துத்தான் அதையே கட்டினார்கள். என் மூன்று பேரும் அந்த வரம்புக்குள் ஒன்றாக நிற்பது இன்னும் இரண்டு ஆண்டுக்குத்தான். சின்னவனுக்கு பெரிய கட்டைகளால் ஆன டூப்லோ பகுதி இருக்கிறது. லெகோ கட்டைகளால் கட்டிய பெட்ரோனாஸ் கோபுரத்தையும் தாஜ்மஹாலையும் பார்க்க உயரம் தேவையில்லை, அத்தையும் ரசிப்பார். எனக்கு மிகவும் பிடித்தது அங்குள்ள கார் ஓட்டும் பள்ளி. சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு தடம், ஆறு வயதிலிருந்து பெரியவர்களுக்கு வேறு தடம். அங்கே கேட்பது வயதை. ஆறு வயது மகளும் பத்து வயது மகனும் ஒரே தடத்தில் ஓட்டலாம். இதைச் சொன்னதும் அவள் முதலில் கேட்டது: "அண்ணாவை முந்தலாமா?"

தூரம்தான் தலைவலி. இங்கிருந்து ஏறக்குறைய 700 கிலோமீட்டர். நிற்காமல் ஓட்டினால் ஏழெட்டு மணி நேரம், இரண்டு வயதுப் பிள்ளை காடியில் இருந்தால் பத்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாயான் லெப்பாஸிலிருந்து செனாய்க்கு விமானம் உண்டு. ஆறு பேருக்குக் கணக்குப் பார்த்ததும் என் கணவர் பேச்சை மாற்றினார். போகும்போது சிரம்பானில் சித்தி வீட்டில் ஓர் இரவு தங்குவதாக முடிவு. பிள்ளைகள் கை கால் நீட்டிக்கொள்வார்கள், சித்தியின் கோழிக் குழம்பும் கிடைக்கும்.

சென்ற ஆண்டு கற்றுக்கொண்ட இன்னொன்று: நாள் முழுவதும் எல்லாரும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கக் கூடாது. அப்படிப் பிடிவாதம் பிடித்ததால் மூத்தவன் சலித்துப்போனான், சின்னவன் மதியத் தூக்கம் இல்லாமல் அலறினான். இந்த முறை காலையில் கதவு திறக்கும்போதே உள்ளே போய், வெயில் ஏறுமுன் வரிசைகளை முடித்துவிடுவோம். மதியம் ஒரு மணிக்கு அத்தையும் சின்னவனும் அறைக்குத் திரும்பிவிடுவார்கள். நம் நாட்டில் மாலை இடிமழை விருந்தாளி மாதிரி, சொல்லாமல் வரும். மின்னல் கண்டால் வெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். பல பூங்காக்களில் பெற்றோர் இடம் மாறிக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. ஒருவர் பெரிய பிள்ளையோடு சவாரி முடித்து வந்ததும், வெளியே குழந்தையோடு காத்திருந்த மற்றவர் மீண்டும் முழு வரிசை நிற்காமல் போகலாம். யாரும் தானாக வந்து சொல்ல மாட்டார்கள், வாசலிலேயே கேட்டுவிடுங்கள்.

பிள்ளைகளிடம் எவ்வளவு முன்னதாகச் சொல்வது என்பதிலும் எனக்குச் சூடுபட்ட அனுபவம் உண்டு. ஈப்போவில் 2017இல் திறந்த அனிமேஷன் பூங்காவுக்கு அழைத்துப் போகிறேன் என்று மூத்தவனுக்கு அப்போதே வாக்குக் கொடுத்திருந்தேன். போபோய்போய் பைத்தியம் பிடித்திருந்த வயது. 'அடுத்த விடுமுறை, அடுத்த விடுமுறை' என்று தள்ளிக்கொண்டே போனேன். 2020 ஜனவரியில் பூங்காவையே மூடிவிட்டார்கள். அவன் இன்றும் அதைச் சொல்லிக் காட்டுவான்.

அவனுக்கும் இந்தத் தடவை ஒரு நாள் கொடுத்தாக வேண்டும். அதற்கு ஜோகூர்வரை போக வேண்டியதில்லை. தெலுக் பஹாங்கில் இருக்கும் எஸ்கேப் பூங்காவில் காட்டுக்குள் வளைந்து வளைந்து இறங்கும் நீர்ச்சறுக்கு 1,111 மீட்டர் நீளம். உலகிலேயே நீளமானது என்று 2019இல் கின்னஸில் ஏறியது. நம் தீவிலேயே இப்படி ஒன்றை வைத்துக்கொண்டு, நாம் கோலாலம்பூரைப் பார்த்து ஏங்குகிறோம். அப்பாவும் மகனும் மட்டும் ஒரு நாள் அங்கே. அதே நாளில் நானும் மற்ற இருவரும் பக்கத்திலேயே என்டோபியாவில் வண்ணத்துப்பூச்சி பார்ப்போம். 1986இல் வண்ணத்துப்பூச்சிப் பண்ணையாகத் தொடங்கிய இடம் அது. சின்ன வயதில் என்னை என் அப்பா கூட்டிப்போயிருக்கிறார். சின்னவனைக் கேட்டால், கொம்தாரிலிருந்து போகும் 101ஆம் எண் பஸ்தான் அன்றைய பெரிய சவாரி என்பான்.

தாத்தா காலத்தில் இத்தனை கணக்கு இல்லை. பர்மா ரோட்டை ஒட்டிய சுவாத்தோ லேனில் நியூ வோர்ல்ட் பார்க் என்ற கேளிக்கைப் பூங்கா இருந்தது. இன்று அங்கே சாப்பாட்டுக் கடைகள். பிள்ளைகளோடு ஐஸ் கச்சாங் சாப்பிடப் போகும்போதெல்லாம் அந்தக் கதையைச் சொல்வேன், அவர்கள் காதில் வாங்குவதில்லை.

இப்போது சமையலறைக் கதவு நிலையில் பென்சில் கோடுகள் போட்டிருக்கிறோம். மாதத்துக்கு ஒரு முறை மூவரையும் நிறுத்தி அளந்து, லெகோலண்டில் எது முடியும், எது முடியாது என்று மகளோடு உட்கார்ந்து ஒரு பட்டியல் எழுதினேன். 'முடியாது' பக்கத்தில் இரண்டு சவாரிகள் இருக்கின்றன. அவளே கையால் எழுதினாள். அந்த நேரத்தில் அண்ணா அப்பாவோடு போகட்டும், தனக்கும் அம்மாவுக்கும் ஐஸ்கிரீம் என்று பக்கத்திலேயே குறித்துக்கொண்டாள்.

நேற்று அளக்கக் கூப்பிட்டபோது, வீட்டுக்குள் சப்பாத்து போட்டுக்கொண்டு வந்து நின்றாள். கழற்றச் சொன்னேன். உள்ளேயிருந்து இரண்டு டிசு விழுந்தது.